கொப்பளிக்காத வாய்



இது என் வீட்டில் நடந்தது. என் தவறும் இதில் இருக்கிறது என்பதால் எழுதத் தயங்கினேன். உம்மாதான் எழுதச் சொன்னார்கள். "ஊர்ல என்னைப் போல இன்னும் எத்தனை கிழவிங்க இருக்காங்களோ, எழுது வாப்பா" என்றார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், நோன்பு திறக்கும் நேரம். உம்மா பேரீத்தம்பழத்தைக் கடித்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். கஞ்சிக் கோப்பையை வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டார்கள். எழுபது வயதில் நோன்புக் கஞ்சியை மறுத்து நான் அவர்களைப் பார்த்ததில்லை. கேட்டால், "சூடு" என்றார்கள். ஆறிய பிறகும் குடிக்கவில்லை. இரவில் மருமகளிடம் மட்டும், வாயெல்லாம் எரிகிறது, உப்புப் பட்டாலே உயிர் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தோம். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் திரிந்தது போல வெண்படலம் படர்ந்திருந்தது. கைக்குழந்தைகளின் வாயில் வந்தால் நம் மூதாட்டிகள் அக்கரம் என்பார்கள். அதேதான் எழுபது வயதில் வந்திருந்தது.

உம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆஸ்துமாவும் உண்டு, காலையிலும் இரவிலும் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் இழுப்பார்கள். மேல்வரிசைக்குப் பல் செட். அதைக் கழற்றாமலேயே தூங்குவார்கள். பூஞ்சை குடியேறுவதற்கு இவற்றில் ஒன்றே போதும். மூன்றும் ஒரே வாயில் இருந்தன என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

நகரத்து மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்ஹேலர் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறீர்களா?" உம்மா வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். "எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொப்பளிக்கிறோம், டாக்டர். உளூவில் அது இருக்கிறது." சொன்னபோது எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது, மறைக்கவில்லை. பிற சமயத்தவரான ஒருவருக்கு மார்க்கத்தின் தூய்மையை எடுத்துச் சொல்லும் வாய்ப்பு கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். உம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். மருத்துவர் தலையசைத்துவிட்டு, ஃபுளூகோனசோல் மாத்திரை பதினான்கு நாளைக்கு எழுதிக்கொடுத்தார்.

நான்காம் நாளே எரிச்சல் நின்றது. ஐந்தாம் நாள் உம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மீதியை வீணாக்காமல், தையல் ஊசிகளும் பழைய ரசீதுகளும் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தார்கள். இரண்டு மாதத்தில் படலம் மீண்டும் வந்தது. டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை, மறுநாள் இன்னொன்று, அடங்கிவிட்டது. மழைக்காலத்தில் மறுபடியும் வந்தது. டப்பா காலியானதும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் கடையில் நான்தான் வாங்கிவந்தேன். இப்படியே ஓராண்டு ஓடி, அடுத்த ரமளான் வந்தது. இம்முறை மாத்திரை எதுவும் செய்யவில்லை. ஒரு வாரம் முழுமையாகச் சாப்பிட்டும் படலம் தொண்டை வரை இறங்கியது. நாற்பது ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த வாய் அது. யாஸீன் பாதியில் நின்றது. "நாக்கு ஒத்துக்கலை" என்று கிதாபை மூடி வைத்தார்கள். அதைப் பார்த்த அன்று நான் மதரஸாவுக்குப் போகவில்லை.

மீண்டும் அதே மருத்துவர். இம்முறை பஞ்சுக்குச்சியால் நாக்கிலிருந்து வழித்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். சில நாட்கள் கழித்துப் போனபோது, படித்தவர் என்று எண்ணினாரோ என்னவோ, என்னை ஆய்வகத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினார். வட்டத் தட்டில் பச்சைப் புள்ளிகள் நிறைந்திருந்தன. அந்தத் தட்டில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை வளர்ந்தால் பச்சை நிறம் காட்டுமாம். வேறு சில கேண்டிடா இனங்கள் வேறு நிறம் காட்டுமாம். இன்னொரு தட்டில் அதே பூஞ்சையைப் பரப்பி, நடுவில் ஃபுளூகோனசோல் தோய்த்த சிறு வட்டக் காகிதத்தை வைத்திருந்தார்கள். மருந்து வேலை செய்திருந்தால் காகிதத்தைச் சுற்றி ஒன்றும் முளைக்காத தெளிந்த வளையம் இருக்க வேண்டும். வளையம் இருந்தது, ஆனால் குறுகியிருந்தது. அதற்குள்ளேயே பொடிப்பொடியாகச் சில புள்ளிகள் முளைத்திருந்தன. "எல்லாம் ஒரே பூஞ்சைதான். ஆனால் எல்லாம் ஒன்று போல இல்லை. உங்கள் அம்மாவின் வாய்க்குள்ளேயே இவை பல வகையாகிவிட்டன" என்றார்.

அந்த வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. பிளஸ் டூவோடு அறிவியலை விட்டவன் நான். பிறகு படித்ததெல்லாம் இஸ்லாமியக் கல்வி. ஆனாலும் தேடிப் படித்தேன். புரியாததை அந்த மருத்துவரிடமும், மருந்தியல் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடமும் கேட்டேன். விளங்கியதை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

பூஞ்சைகளில் இதுவரை பெயரிடப்பட்டவை ஒரு இலட்சத்துக்கும் மேல். மனிதனுக்கு நோய் தருபவை அவற்றில் சில நூறு மட்டுமே. ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் மரப்பட்டையிலும் செழிக்கும் பெரும்பாலானவற்றால் நம் உடலின் 37 டிகிரிச் சூட்டைத் தாங்க முடிவதில்லை. உடற்சூடே ஒரு கோட்டைச் சுவர். சுப்ஹானல்லாஹ், காய்ச்சலைச் சபிக்கும் நாம் அன்றாடச் சூட்டுக்கு நன்றி சொன்னதே இல்லை. ஆனால் கேண்டிடா அல்பிகன்ஸ் அந்தச் சுவருக்கு வெளியே நிற்கும் பகைவன் அல்ல. நலமாக உள்ளவர்களிலேயே பலரின் வாயிலும் குடலிலும் அது ஓசையின்றி வாழ்கிறது. சாதாரண வேளையில் அது உருண்டையான ஈஸ்ட் வடிவில் இருக்கும். சூழல் மாறி, எதிர்ப்பு தளர்ந்தால் நீண்ட இழையாக உருமாறும். இழை திசுவுக்குள் நுழையும். கேண்டிடாலைசின் என்ற நஞ்சைச் சுரந்து உயிரணுவைத் துளைக்கும். அந்த நஞ்சு 2016இல்தான் கண்டறியப்பட்டது. உம்மாவின் நாக்கில் உப்புப் பட்டு எரிந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது.

இனி மருந்தின் கதை. பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அதைத் தயாரிக்கும் நொதியை ஃபுளூகோனசோல் தடுக்கிறது. இங்கேதான் நான் அறியாதிருந்த ஒன்று இருக்கிறது. இந்த மருந்து பெரும்பாலும் கேண்டிடாவைக் கொல்வதில்லை; வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறது. நிறுத்தி வைத்த கூட்டத்தை உடலின் எதிர்ப்புச் சக்திதான் துடைத்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் பதினான்கு நாள். நான்காம் நாள் எரிச்சல் நின்றபோது பூஞ்சை போய்விடவில்லை, குனிந்து நின்றது. உம்மா மாத்திரையை நிறுத்தியதும் நிமிர்ந்தது. முதலில் நிமிர்ந்தவை எவை? மருந்தை ஓரளவு தாங்கப் பழகியிருந்தவை. டப்பாவிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஒற்றை மாத்திரையும் பலவீனமானவற்றை அடக்கி, தாங்குபவற்றுக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்தது. ஓராண்டாக ஒரு தேர்வு நடத்தியிருக்கிறோம். வினாத்தாளை மெடிக்கல் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தவன் நான்.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் சபைகளில் முகங்கள் மாறும். அந்தப் பெரிய விவாதத்துக்கு இது இடமல்ல. நான் சொல்வது ஒரு மனிதரின் ஒரே வாய்க்குள், அளந்து பதிவு செய்யப்பட்ட ஒன்று. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வாய்ப் பூஞ்சை அடிக்கடி வந்துகொண்டிருந்த 1990களில், அமெரிக்காவில் ஒரே நோயாளியின் வாயிலிருந்து இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 17 மாதிரிகளை வைத்துத் தியோடர் வைட் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அது. நோயாளிக்கு ஃபுளூகோனசோல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்; அளவு கூடிக்கொண்டே போனது. பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வந்ததல்ல. இருந்த அதே பூஞ்சைதான் படிப்படியாக மாறியது. உள்ளே நுழையும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு ஒன்று முதலில் கூடுதலாக ஓடத் தொடங்கியது. பின்னர் மருந்து பற்றிக்கொள்ளும் அந்த நொதியின் மரபணுவிலேயே ஒரு மாற்றம் வந்தது. அதன் பின் மரபணுவின் இரண்டு பிரதிகளும் அந்த மாற்றத்தையே ஏற்றுக்கொண்டன. இறுதியில் வேறு பம்புகளும் சேர்ந்து ஓடின. ஒரே கதவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ப்பாள் போட்டதைப் போல.

இரண்டு பிரதிகள் என்றேனே, அதை விளக்க வேண்டும். கேண்டிடா அல்பிகன்ஸுக்கு எட்டு ஜோடிக் குரோமோசோம்கள். நமக்கு ஒரு குரோமோசோம் கூடினாலோ குறைந்தாலோ பெரும் கோளாறு. இந்தப் பூஞ்சையோ நெருக்கடி வந்தால் குரோமோசோமையே கூட்டிக்கொள்ளும், இழக்கும், ஜோடியில் ஒன்றை அழித்து மற்றதை நகலெடுத்துக்கொள்ளும். ஐந்தாம் குரோமோசோமின் இடப்பாதியில் ஃபுளூகோனசோல் தாக்கும் நொதியின் மரபணுவும், பம்புகளை முடுக்கிவிடும் இன்னொரு மரபணுவும் இருக்கின்றன. மருந்தைத் தாங்கும் சில பூஞ்சைகளில் அந்தப் பாதி மட்டும் கூடுதலாக நகலெடுக்கப்பட்டிருப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். வீட்டில் வெள்ளம் புகும்போது பாத்திரங்களையெல்லாம் விட்டுவிட்டு இறைக்கும் வாளியை மட்டும் இரண்டாக்கிக்கொள்வது போன்ற வேலை. வெள்ளம் வடிந்தால் அந்தக் கூடுதல் சுமையை உதறிவிடவும் அதற்குத் தெரியும்.

இன்னொன்றும் படித்தேன், இது என்னை வேறு விதமாகத் தொட்டது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கேண்டிடாவை எலிகளின் குடலில் வாழவிட்டு, எலிக்கு எலி மாற்றிப் பல வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அகற்றியிருந்தார்கள். போட்டியே இல்லாத அந்தக் குடலில் பூஞ்சை கொடூரமாகும் என்றுதான் நானும் எதிர்பார்த்திருப்பேன். நடந்தது வேறு. இழையாக உருமாறும் ஆற்றலை இழந்த வகைகள் அங்கே பெருகின. எலிகளுக்குத் தீங்கு குறைந்தது. வேறு சில தொற்றுகளிலிருந்து அந்த எலிகளுக்குப் பாதுகாப்புகூடக் கிடைத்தது. 2018இல் இது வெளியானது. அதே உயிர், ஒரு வாயில் பகைவனாகவும் ஒரு குடலில் குடித்தனக்காரனாகவும் ஆகிறது. அது எப்படி மாறும் என்பதில், இடம் கொடுக்கும் உடலுக்கும் பங்கு உண்டு.

சொன்னால் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் மதரஸா விடுதியில் சில ஆண்டுகளாகப் படர்தாமரை ஓய்ந்தபாடில்லை. துண்டும் கைலியும் மாற்றி மாற்றி உடுத்தும் பிள்ளைகள். அரிப்பு என்று வந்தவனுக்கு, கடையில் கேட்டு வாங்கிய டியூப் ஒன்றைத் தடவச் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டே நாளில் அரிப்பு போகும். பிறகு வட்டம் விரியும். அந்த டியூப்களில் பூஞ்சைக் கொல்லியோடு கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது; அது அரிப்பை அடக்கி, தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுகிறது. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் நம் நாட்டின் பெயரையே சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள். டெர்பினஃபின் என்ற வழக்கமான மாத்திரைக்கு அது பல வேளைகளில் மசிவதில்லை. பெருமைப்பட வேண்டிய பெயர் அல்ல. விடுதியில் இப்போது ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு. டியூப்களை எல்லாம் குப்பையில் போட்டோம். தோல் மருத்துவர் எழுதித் தந்ததை மட்டும், அவர் சொன்ன நாள் வரை.

சரி, உம்மாவிடம் திரும்புகிறேன்.

ஆய்வகத்திலிருந்து வெளியே வந்ததும் மருத்துவர் உம்மாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இன்ஹேலர் எப்போது இழுப்பீர்கள், கொப்பளிப்பது எப்போது?" உம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்கள். எப்போதும் உளூச் செய்து முடித்த பிறகுதான் இன்ஹேலர். அதோடு தொழுகை விரிப்புக்குப் போய்விடுவார்கள். இரவில் இழுத்துவிட்டு அப்படியே படுத்துவிடுவார்கள். ரமளானில் சஹர் முடியும் தறுவாயில் இழுப்பார்கள். அதற்குள் பாங்கு சொல்லிவிடும். பாங்கு சொன்ன பிறகு வாயில் தண்ணீர் வைக்க அச்சம். அதனால் கொப்பளிப்பதே இல்லை. ஐந்து வேளை கொப்பளிக்கும் அந்த வாயில், ஸ்டீராய்டு தூள் படிந்த பின் தண்ணீர் பட்டதே இல்லை.

"ஏன் அச்சம்?" என்று மருத்துவர் கேட்டார். உம்மா மெதுவாக, "இவர்தானே பயான்ல சொன்னார், நோன்பு வச்சா தொண்டை வரைக்கும் கொப்பளிக்கக் கூடாதுன்னு" என்றார்கள்.

சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பெண்களுக்கான ரமளான் பயானில். லகீத் இப்னு ஸபிரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியில், நோன்பாளி மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதில் மிகைக்க வேண்டாம் என்ற கருத்து வருகிறது. கொப்பளிப்பதிலும் மிகைப்பது மக்ரூஹ் என்று ஃபிக்ஹு நூல்கள் எழுதுகின்றன. நான் சொன்னது மிகைப்பதைப் பற்றி. சாதாரணமாகக் கொப்பளித்துத் துப்பினால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்ற அடுத்த வாக்கியத்தை அன்று சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. சொல்லியிருந்தாலும் உம்மாவின் காதில் விழவில்லை. அதைவிட எனக்கு வலித்தது முந்திய ஆண்டு அதே அறையில் நான் பேசியதுதான். கேள்வி அவர்களுக்குக் கேட்கப்பட்டது. பதிலை நான் பிடுங்கிக்கொண்டேன். மகன் ஆலிம் என்ற பெயரோடு பேசும்போது, "இல்லை, நான் கொப்பளிப்பதில்லை" என்று எந்தத் தாய் சொல்வார்?

(நோன்பு நேரத்தில் இன்ஹேலர் இழுக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உம்மா இழுப்பது காலையும் இரவும் எடுக்கும் தடுப்பு மருந்து. சஹருக்கும் நோன்பு திறந்த பின்னுமாக அதை அமைத்துக்கொள்ள முடிந்தது. மூச்சுத் திணறலுக்கு உடனே இழுக்க வேண்டிய இன்ஹேலரின் நிலை வேறு. அதை உங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பைக் காக்கிறேன் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருக்காதீர்கள்.)

மருத்துவர் ஃபுளூகோனசோலை நிறுத்தினார். நாங்களாக வாங்கிக் கொடுத்தது உம்மாவின் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தியிருக்கலாம் என்றபோது எனக்கு வியர்த்தது. அதற்குப் பதில் நிஸ்டாடின் என்ற திரவ மருந்து. வாயில் நன்றாகச் சுழற்றி வைத்திருக்க வேண்டும். எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுப்பதற்குப் பதிலாக, உருவான எர்கோஸ்டிராலையே பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுவது அதன் வழி. பல் செட்டை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும். அக்ரிலிக் பரப்பில் பூஞ்சை பாய் விரித்தாற்போல் படலம் கட்டிக்கொள்ளுமாம், அதன் அடியில் மருந்தே புகாதாம். எங்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ரமளானில் எஞ்சிய நோன்புகளை உம்மா விட வேண்டியிருந்தது, அழுதார்கள். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், என் தாய்க்குச் சொல்ல வாய் வராமல் நின்றேன். ஷவ்வாலுக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டாகப் பிடித்து களாவை முடித்தார்கள். பிஸ்கட் டப்பாவில் இப்போது ஊசியும் நூலும் மட்டும்தான்.

அதற்கடுத்த ரமளானில், முதல் நோன்புக்கு முந்திய பெண்கள் பயானில் நடந்ததை அப்படியே சொன்னேன். உம்மா முன்வரிசையில் இருந்தார்கள். பயான் முடிந்ததும் நான்கைந்து மூதாட்டிகள் என் மனைவியிடம் வந்து, தங்களுக்கும் வாயில் எரிச்சல் இருக்கிறது, நோன்பு போய்விடும் என்று கொப்பளிக்காமல் இருந்தோம் என்றார்களாம். ஒருவர் மாத்திரைப் பட்டையைச் சேலை முந்தானையிலிருந்து அவிழ்த்தே காட்டியிருக்கிறார்.

மறுநாள் சஹர். உம்மா கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்ஹேலரை எடுத்தார்கள். இழுத்து, மூச்சைப் பிடித்து, விட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, பாங்கு தொடங்கியது. உம்மா அசையாமல் நின்றார்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். குழாய் திறக்கும் ஓசை. கொப்பளிக்கும் ஓசை, துப்பும் ஓசை, மூன்று முறை. ஈர வாயை முந்தானையால் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நோன்பு இருக்குதுதானே வாப்பா?"

"இருக்குது உம்மா."